மூளை அலையைத் தானே கட்டுப்படுத்தப் பழக்குவது எப்படி? எஸ்.எம்.ஆர். நியூரோஃபீட்பேக் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாக ஒருவருக்கு நியூரோஃபீட்பேக் பயிற்சி கொடுத்தபோது, மூன்றே அமர்வுகளில் திரையில் கோடு மளமளவென்று ஏறியது. அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. நான்காவது அமர்வில்தான் அவருடைய கன்னத்தைக் கவனித்தேன். பற்களை லேசாகக் கடித்துக்கொண்டிருந்தார். அப்படிக் கடிப்பது அவருக்கே தெரியவில்லை. தாடைத் தசையில் எழும் மின்சாரம் உச்சந்தலை வரை பரவி, மூளை அலையோடு சேர்ந்து கணக்கில் ஏறியிருந்தது. கணினி அதற்குப் பரிசு கொடுத்தது. அவருடைய உடம்பு அதைக் கற்றுக்கொண்டது.

இந்தப் பயிற்சியில் எதற்குப் பரிசு விழுகிறதோ அதுதான் வளரும். கருவி மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. தலைத்தோலில் தெரியும் மிகச் சிறிய மின் அசைவை அளந்து, வேண்டிய அசைவு வரும்போது ஓர் ஒலியையோ ஒளியையோ காட்டுகிறது, அவ்வளவுதான். மிச்சத்தைச் செய்வது கற்பவரின் மூளை. அதனால் பரிசு கொடுக்கும் முன், கொடுப்பது மூளைக்குத்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலைக்காகத்தான்.

உளவியல், உடலியல், உயிர்மருத்துவப் பொறியியல் படிப்பவர்களையும், ஆரோக்கியமான பெரியவர் ஒருவரை வைத்து முறையாகப் பழகிப் பார்க்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயைக் குணப்படுத்தும் வழிகாட்டி இல்லை இது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: பூனைகள் கற்றுத்தந்தது

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து மின் அலையைப் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடினால் விநாடிக்குப் பத்து முறை அளவில் ஆடும் ஓர் அலை எழுகிறது, திறந்தால் அடங்கிவிடுகிறது என்று அவர் கண்டார். ஆல்ஃபா என்று நாம் சொல்வது அதைத்தான். 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா வேறொரு கேள்வி கேட்டார்: தன் தலையில் ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று ஒருவரால் சொல்ல முடியுமா? மணி அடிக்கும்போது ஊகித்துச் சொல்ல வேண்டும், சரியா தவறா என்று உடனே பதில் கிடைக்கும். முதலில் குருட்டாம்போக்கில் சொன்னவர்கள், நாள் போகப் போகச் சரியாகவே சொன்னார்கள்.

எனக்குப் பிடித்த கதை அடுத்தது. 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் பூனைகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். உணவுக்காக அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும் பூனையின் உணர்-இயக்கப் புறணியில் (தொடுவுணர்வையும் உடல் அசைவையும் கவனிக்கும் மூளைப் பகுதியில்) 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது விநாடிக்கு 12 முதல் 15 முறை ஆடும் ஓர் அலை எழுவதைப் பார்த்தார். சென்சரிமோட்டார் ரிதம், சுருக்கமாக எஸ்.எம்.ஆர். என்று அதற்குப் பெயர். அந்த அலை வந்தால் மட்டும் உணவு என்று வைத்தபோது பூனைகள் அதை அதிகமாக எழுப்பக் கற்றுக்கொண்டன. அப்புறம், ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில்ஹைட்ரசின் எப்படி வலிப்பை உண்டாக்குகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று அவரிடம் வந்தது. முன்பு எஸ்.எம்.ஆர். பழகிய பூனைகள் மற்ற பூனைகளைவிட வலிப்பை அதிகம் தாக்குப்பிடித்தன. பூனைக்குப் ‘பயிற்சி பலிக்கும்’ என்ற நம்பிக்கை கிடையாது. அதனால்தான் இந்த முடிவுக்கு இவ்வளவு மதிப்பு. 1972இல் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணிடம் இதே பயிற்சி பயன்பட்டதாக ஸ்டெர்மன் வெளியிட்டார்.

உடம்பு அசையாமல், மனம் தூங்காமல் இருக்கும் நிலையோடு சேர்ந்து வருவதால் முதல் பயிற்சிக்கு எஸ்.எம்.ஆரைத்தான் நான் எடுப்பேன். கீழே உள்ளதெல்லாம் அதற்கான முறை.

படி 1: யாரை உட்கார வைக்கலாம்?

வலிப்பு, இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்கள், மூளையைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்கள், குழந்தைகள் ஆகியோரை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடாதீர்கள். பயிற்சியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஆரோக்கியமானவருக்கும் பயிற்சிக்குப் பின் தலைவலி, களைப்பு, எரிச்சல், தூக்கக் குலைவு வரலாம். வந்தால் நிறுத்துவோம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கருவி

எஸ்.எம்.ஆர். எழும் இடம் உச்சந்தலை. கடையில் கிடைக்கும் தலைப்பட்டைகள் எல்லாம் அங்கே அளப்பதில்லை. உதாரணமாக, மியூஸ் பட்டையின் மின்முனைகள் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும்தான் இருக்கின்றன. அது தியானப் பழக்கத்துக்கு உதவலாம், இந்தப் பயிற்சிக்கு உதவாது. மின்முனையை நாம் விரும்பிய இடத்தில் ஒட்டக்கூடிய ஈஈஜி (தலைத்தோலில் தெரியும் மூளை மின் அலையின் பதிவு) பெருக்கி வேண்டும். ஒரே ஒரு சேனல் போதும். விநாடிக்கு 200 அல்லது 250 முறையாவது அளக்க வேண்டும். மாணவர்கள் ஓப்பன்பிசிஐ பலகைகளைப் பயன்படுத்துகிறார்கள். மென்பொருளுக்கு, பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் உருவான ஓப்பன்வைப் இலவசமாகவே கிடைக்கிறது.

பாதுகாப்பில் ஒரு விதியை எப்போதும் மீறாதீர்கள். மின்முனை தலையில் இருக்கும்போது கருவி பேட்டரியில்தான் ஓட வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். உயிருக்கும் நல்லது, சிக்னலுக்கும் நல்லது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதனால் குறையும்.

படி 3: உச்சந்தலையில் இடம் கண்டுபிடிப்பது

கண்ணளவில் வைக்காதீர்கள், தையல் டேப்பை எடுங்கள். உலகமெங்கும் பயன்படும் 10-20 முறையில் நாம் தேடும் இடத்துக்கு சி-இசட் என்று பெயர். இரு புருவங்களுக்கும் நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் கழுத்துக்கு மேலே விரலில் தட்டுப்படும் மேடு வரை அளந்து, சரிபாதியில் குறியிடுங்கள். 35 செ.மீ. என்றால் 17.5. அடுத்து ஒரு காதிலிருந்து மறு காது வரை, உச்சி வழியாக. காதுக்கு முன்னால் வாயைத் திறந்தால் குழி விழும் இடமிருக்கிறதே, அங்கிருந்து தொடங்க வேண்டும். அதிலும் சரிபாதி. இரண்டு பாதிகளும் சந்திக்கும் புள்ளி சி-இசட். இரண்டு அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு அமர்விலும் ஒரு செ.மீ. அங்கே இங்கே தள்ளி ஒட்டினால், வரைபடத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் மூளையுடையதா டேப்புடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சி-இசட்டில் ஒன்று, ஒப்பீட்டுக்கு ஒரு காது மடலில் ஒன்று, தரை இணைப்புக்கு மறு காதில் ஒன்று. மொத்தம் மூன்று மின்முனைகள்.

படி 4: ஒட்டுவது

நம்மூரில் மறக்காமல் சொல்ல வேண்டியது தலை எண்ணெய் பற்றி. முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. காது கிளிப் போடுவதற்குத் தோடு, ஜிமிக்கியைக் கழற்ற வேண்டியிருக்கும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது மரியாதை.

முடியை வகிடு எடுப்பது போல் பிரித்து, தோல் தெரிந்ததும், தேய்க்கும் ஜெல்லைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். தோல் லேசாகச் சிவந்தால் போதும், எரியக் கூடாது. பிறகு மின்முனையின் சிறு கிண்ணம் நிறையக் கடத்தும் பசையை எடுத்து அழுத்தி ஒட்டுங்கள். இம்பீடன்ஸ், அதாவது மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும் வரை விடாதீர்கள். மூன்று மின்முனைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். வேறுபாடு கூடினால் அறையின் மின் இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். வியர்த்தால் கோடு முழுவதும் கடல் அலைபோல் மேலும் கீழும் மெதுவாகப் போகும்.

படி 5: கற்பவருக்கு அவர் தசைகளைக் காட்டுங்கள்

பயிற்சியே இதோடுதான் தொடங்குகிறது என்று சொல்வேன். இதை அவசரமாகக் கடந்துபோனால் நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

வடிகட்டாத ஈஈஜிக் கோட்டைத் திரையில் ஓடவிட்டு, அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கண் சிமிட்டச் சொல்லுங்கள், பெரிய மேடு ஒன்று குதிக்கும். மூளை அலைகள் சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில பத்து மைக்ரோவோல்ட் வரைதான். சிமிட்டல் அதைப் பல மடங்கு தாண்டும். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள், கோடு தடித்த கறுப்புப் பட்டையாகிவிடும். எச்சில் விழுங்கல், புருவத்தைத் தூக்குதல், நாக்கை அசைத்தல், தோளை இறுக்குதல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கட்டும். தசை மின்சாரம் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்கு மேலே குவிந்திருந்தாலும், அதன் ஓரம் 12 முதல் 15 வரையிலும் கசியும். எஸ்.எம்.ஆரை ஏமாற்றுவது இந்தக் கசிவுதான்.

இதெல்லாம் முடிந்ததும், கண்ணை மூடித் தளர்வாக உட்காரச் சொல்லுங்கள். பெர்கர் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம்: சில விநாடிகளில் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அலை எழும், கண் திறந்தால் அடங்கும். பின்மண்டையில் தெரியும் அளவுக்கு உச்சியில் தெரியாது, ஆனாலும் பெரும்பாலோரிடம் தெரியும். இப்படி எழுந்து அடங்கினால் நீங்கள் அளப்பது மூளையைத்தான் என்பதற்கு நல்ல சாட்சி. சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா மிகக் குறைவு. அதனால் தெரியாவிட்டால் பயப்படாமல் இம்பீடன்ஸை மறுபடி பாருங்கள்.

படி 6: அடிப்படை அளவு

கண் திறந்து மூன்று நிமிடம், கண் மூடி மூன்று நிமிடம். எந்த ஒலியும் படமும் வேண்டாம். சிமிட்டல், அசைவு உள்ள பகுதிகளை நீக்கிவிட்டு மூன்று அலைவரிசைப் பட்டைகளின் சராசரி வீச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்: தீட்டா 4 முதல் 8 ஹெர்ட்ஸ், எஸ்.எம்.ஆர். 12 முதல் 15, உயர் பீட்டா 22 முதல் 36. ஒரே நாளில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். காப்பி குடித்திருந்தாலே, தூக்கம் குறைந்திருந்தாலே மாறும். வெவ்வேறு இரண்டு நாள், அதே நேரத்தில் எடுப்பது நல்லது.

படி 7: வரம்பு வைப்பது

எஸ்.எம்.ஆர். ஒரு வரம்புக்கு மேலே இருக்க வேண்டும், தீட்டாவும் உயர் பீட்டாவும் தங்கள் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து அரை விநாடி நிலைத்தால் பரிசு. தீட்டாவுக்கு வரம்பு வைப்பது தூக்கக் கலக்கத்தைத் தடுக்க. உயர் பீட்டாவுக்கு வைப்பது தசையைக் காவல் காக்க.

தொடக்கத்தில் எஸ்.எம்.ஆர். ஏறக்குறைய 65 சதவீத நேரம் வரம்பைத் தாண்டும்படி வையுங்கள். தீட்டா 80 சதவீத நேரமும் உயர் பீட்டா 90 சதவீத நேரமும் தன் வரம்புக்குள் நிற்கும்படி வைத்தால், மூன்றும் ஒன்று சேர்வது கிட்டத்தட்டப் பாதி நேரம்தான். அது நல்ல தொடக்கம். எப்போதும் பரிசு விழுந்தால் கற்க ஒன்றும் இருக்காது. எப்போதாவது விழுந்தால் மனம் விட்டுப்போகும்.

பல மென்பொருள்களில் வரம்பைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அதை அணைத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கற்பவரின் அலை குறைந்தால் அந்த வசதி வரம்பையும் இறக்கிவிடும், பரிசு மட்டும் குறையாமல் விழுந்துகொண்டே இருக்கும். அவர் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதும் ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று திரை சொல்லும். ஓர் அமர்வுக்குள் வரம்பை மாற்றாதீர்கள். இரண்டு மூன்று அமர்வுகள் தொடர்ந்து எளிதாக வந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், அந்த ஏற்றத்தைத் தேதியோடு எழுதுங்கள்.

படி 8: ஒரு அமர்வு

ஒட்டுவதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். பயிற்சி இல்லாத இரண்டு நிமிடப் பதிவு ஒன்று. பிறகு நான்கு நிமிடச் சுற்றுகள் ஐந்து, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. கடைசியில் திரையையும் ஒலியையும் அணைத்துவிட்டு, ‘இவ்வளவு நேரம் இருந்தது போலவே இருங்கள்’ என்று சொல்லி மறுபடி இரண்டு நிமிடம் பதியுங்கள். இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கருவி இல்லாமலும் அவரால் முடிகிறதா என்று காட்டுவது அதுதான்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் வைக்கலாம். ஆய்வுகளில் 20 முதல் 40 அமர்வுகள் வரை போவது வழக்கம்.

பரிசுக்கு மென்மையான ஒரு மணியோசை போதும். கண்ணைக் கவரும் விளையாட்டுகள் வேண்டாம் என்பேன். ஸ்டெர்மனும் பரிசுக்குப் பிறகு சிறு இடைவெளி வேண்டும் என்றே வலியுறுத்தினார். ஓசை விழுந்ததும் மூளைக்கு ஓரிரு விநாடி ஓய்வு கிடைக்கட்டும். அலை அரை விநாடி நிலைத்து முடிந்ததற்கும் ஓசை கேட்பதற்கும் இடையில் மட்டும் தாமதம் கூடாது. அந்தத் தாமதம் அரை விநாடியைத் தாண்டினால் எதற்குப் பரிசு என்று மூளைக்கே குழப்பம் வந்துவிடும்.

கண் திறந்தே இருக்கட்டும். தூக்கத்தின் நடுவே எழும் ஸ்பிண்டில் அலைகளும் ஏறக்குறைய இதே 12 முதல் 15 ஹெர்ட்ஸில்தான் வருகின்றன. மதிய உணவுக்குப் பின் கண்ணை மூடி உட்கார்ந்த ஒருவர் சொக்கிப்போய்ப் பரிசு வாங்கிவிடுவார்.

படி 9: என்ன சொல்லித் தருவது?

கற்பவர் முதலில் கேட்பது, ‘நான் என்ன செய்யணும்?’ என்பதுதான். முடிந்தவரை குறைவாகச் சொல்லுங்கள். ‘உடம்பைத் தளர்த்தி, விழிப்போடு உட்காருங்கள். மணி அடிக்கட்டும் என்று விடுங்கள்.’ அதற்கு மேல் நான் சொல்வதில்லை.

ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பயிற்சியின்போது என்ன உத்தியைக் கையாண்டீர்கள் என்று கேட்டதற்கு, குறிப்பிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னவர்களே எஸ்.எம்.ஆரை நன்றாக உயர்த்தியிருந்தார்கள். மனதுக்குள் பாடியவர்கள், காட்சிகளைக் கற்பனை செய்தவர்கள், கடுமையாகக் கவனத்தைக் குவித்தவர்கள் அந்த அளவுக்கு உயர்த்தவில்லை. சைக்கிள் ஓட்டப் பழகும்போது சமநிலையை யாரும் வார்த்தையால் கற்றுக்கொள்வதில்லையே, அது மாதிரிதான் இதுவும். முயற்சி கூடினால் புருவம் சுருங்கும், தாடை இறுகும், உயர் பீட்டா ஏறும். அப்போது சுற்றை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, இரண்டு வார்த்தை வேறு எதையாவது பேசிவிட்டுத் தொடருங்கள்.

படி 10: கற்றுக்கொண்டாரா?

ஒவ்வொரு அமர்வுக்கும் மூன்று புள்ளிகள் வையுங்கள்: தொடக்க ஓய்வில் எஸ்.எம்.ஆர்., பயிற்சிச் சுற்றுகளில் அதன் சராசரி, கடைசி இரண்டு நிமிடத்தில் அது. அதே தாளில் உயர் பீட்டாவையும் வரையுங்கள். எஸ்.எம்.ஆர். ஏற ஏற உயர் பீட்டா அசையாமல் இருந்தால் நம்பலாம். இரண்டும் கைகோத்து ஏறினால் அது தசை. அன்றைக்கு வீடியோ எடுத்திருந்தால் தாடையையும் தோளையும் பாருங்கள்.

எல்லாரும் கற்றுக்கொள்வதில்லை. பத்து அமர்வுகள் சுத்தமாக எடுத்தும் கோடு அசையவே இல்லையென்றால், அதை அவரிடம் நேராகச் சொல்லி, தொடர்வதா என்று சேர்ந்து முடிவெடுங்கள். அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை.

படி 11: கற்பதும் குணமாவதும் ஒன்றல்ல

மனிதரால் மூளை அலையைத் தானாக மாற்றக் கற்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1999இல் ஜெர்மனியின் டூபிங்கனில் நீல்ஸ் பிர்பாவுமர் குழுவினர் வெளியிட்ட ஆய்வே போதும். தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயால் உடம்பு முழுவதும் செயலிழந்த இரண்டு பேர், மூளையின் மெதுவான மின் மாற்றங்களைக் கூட்டியும் குறைத்தும் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வாக்கியங்கள் எழுதினார்கள். அந்த நிலையில் இருப்பவர்களிடம் பல் கடித்துக் கருவியை ஏமாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அலை மாறியதால் நோய் குறைந்ததா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகள் 140க்கும் மேற்பட்டோரை வைத்து ஐகேன் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு உண்மைப் பயிற்சி, மற்றவர்களுக்குப் போலிப் பயிற்சி. போலிப் பயிற்சியில் வேறொருவரின் பழைய ஈஈஜிப் பதிவை ஓட்டி, அதன் மேல் அந்தக் குழந்தையின் கண் சிமிட்டலையும் அசைவையும் மட்டும் சேர்த்தார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதே என்று. 38 அமர்வுகள் முடிந்தபோது இரண்டு குழுவும் முன்னேறியிருந்தன. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 13 மாதம் கழித்தும் அப்படியே. 2017இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் தூக்கமின்மைக்கு நாம் பழகும் இதே எஸ்.எம்.ஆர். பயிற்சியைச் சோதித்தபோதும் போலிப் பயிற்சியைவிட அது மேலாக இல்லை.

இதை வைத்து எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள், உலகின் பல ஆய்வகங்களிலும் வேலை நடக்கிறது. ஆனால் குழந்தையின் கவனக் குறைவுக்காக நாற்பது அமர்வுப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லும் இடத்தில் பெற்றோர் சில கேள்விகள் கேட்க வேண்டும். மின்முனையை எங்கே ஒட்டுகிறீர்கள்? எந்த அலைவரிசைக்குப் பரிசு? தசையை எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? ஒவ்வொரு அமர்வின் பதிவையும் எங்களுக்குத் தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

படி 12: முடித்த பிறகு

பசையை வெதுவெதுப்பான நீரில் கழுவிவிடச் சொல்லுங்கள், ஷாம்பூ தேவைப்படாது. மின்முனைக் கிண்ணங்களைப் பசை காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் கழுவித் துடையுங்கள். காய்ந்த பசை அடுத்த நாள் இம்பீடன்ஸை ஏற்றிவிடும்.

கடைசி அமர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து அவரை மறுபடி கூப்பிடுங்கள். அதே நாற்காலி, அதே நேரம், குறிப்பேட்டில் உள்ள அதே அளவுகள். மணியோசை இல்லாமல் கண் திறந்து மூன்று நிமிடம், கண் மூடி மூன்று நிமிடம் பதியுங்கள். முதல் நாள் எடுத்த பதிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடமே காட்டுங்கள். மாற்றம் இருந்தால் சேர்ந்து பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, இரண்டு பதிவுகளின் நகலையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.